வயரை மாற்றிக் குத்துகிறவள்

வெள்ளிமலையில் டவரை ஒட்டிய அந்த ரூமுக்கு ஜெயசுதா குடிவந்தபோது அவளுக்கு நாற்பது வயது ஆகப்போகிற நேரம். ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ், அம்மாவின் போர்வை. பஸ்ஸிலிருந்து அவ்வளவுதான் இறக்கினாள். கண்டக்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “டீச்சரா?” என்று கேட்டார்.

“இல்லைங்க, நெட் கம்பெனி.”

அவர் தலையாட்டிவிட்டு விசில் ஊதினார். பஸ் போன பிறகு அந்த இடத்தில் அவளும் ஒரு நாயும் மட்டும் நின்றார்கள்.

சின்னசேலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா ஆதிமூலத்துக்கு மரவள்ளியும் கொஞ்சம் கரும்பும் போடுகிற அளவுக்கு நிலம் இருந்தது. மகளைப் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கவைத்தார். அதற்கு மேல் எதுவும் நினைப்பதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஜெயசுதா சின்னசேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் அம்மா கமலாவுக்குக் கைகால் விழுந்தது. தம்பி அறிவுச்செல்வனுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் படுக்கையில் கிடந்தவளை எட்டிப் பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோனார்கள். போகப் போக வருகிறவர்களும் நின்றுபோனார்கள். குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, கரைத்து ஊட்டி, கடைசியில் ஒரு தை மாதம் அம்மா கண்ணை மூடியபோது ஜெயசுதாவின் தலையில் பாதி நரைத்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அம்மா கிடந்த அறைக்குத் தம்பி மகனின் படிப்பு மேசை வந்தது. அவளுடைய துணிகள் ஹாலில் பீரோவின் கீழ்த்தட்டுக்கு இறங்கின. சாப்பிடும்போது தம்பி மனைவி இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடை மாடியில் இன்டர்நெட் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தவர் பொன்னுரங்கம். கேபிள் டிவியில் ஆரம்பித்து நெட்டுக்கு வந்தவர். கல்வராயன் மலைக்கும் லைன் கொடுக்கலாம் என்று வெள்ளிமலையில் ஒரு இரும்பு டவரை நிறுத்தியிருந்தார். மலையில் தங்கி அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. வருகிற பையன்கள் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காமல் இறங்கிவிட்டார்கள். ரிப்பேர் கடை முதலாளி சொல்லித்தான் ஜெயசுதா போய் நின்றாள்.

“பொம்பள பிள்ளைய மலைல தனியா வுட எனக்கு ஒரு மாதிரியா கீதும்மா,” என்றார் பொன்னுரங்கம்.

“எனக்கு ஒன்னும் இல்லைங்க சார்,” என்றாள். அவர் மலை ரூமின் சாவியை எடுத்து நீட்டினார்.

வேலையைக் காட்டிக்கொடுக்க செழியன் என்ற இளைஞன் மலைக்கு வந்தான். அந்த ரூமில் இருந்த கம்ப்யூட்டரை அமைத்தவன் அவன்தான். பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தான். கறுப்புப் பெட்டி, லினக்ஸ் ஓடுகிறது, திரைகூட எப்போதாவதுதான் போட வேண்டும். பெட்டிக்குப் பின்னால் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றில் வருகிற வயர் டவரில் கள்ளக்குறிச்சியைப் பார்த்திருக்கும் ஆன்டெனாத் தட்டுக்குப் போகிறது. கீழேயிருந்து நெட் அதன் வழியாக ஏறிவருகிறது. மற்றதன் வயர் மலை ஊர்களைப் பார்த்திருக்கும் தட்டுகளுக்கு. பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், இ-சேவை மையம், நாலைந்து கடைகள், கொஞ்சம் வீடுகள் எல்லாவற்றுக்கும் அதுதான்.

“ஒரே ஒரு தொந்தரவு கீதுக்கா,” என்றான் செழியன். “கரண்ட் போயி, பேட்டரியும் தீந்து, மறுபடி மிஷின் எழுந்திரிக்கும் பாருங்க, அப்ப சில சமயம் லைன் வராது. நீங்க பின்னாடி இருக்கிற ரெண்டு வயரையும் உருவி, இதுல இருக்கிறத அதுல, அதுல இருக்கிறத இதுல குத்துங்க. வந்துடும்.”

“ஏன் அப்படி ஆகுது?”

“அத்த சரி பண்ணணும்னுதான் நெனச்சிக்கினே இருந்தேன். முடியல.” கையில் பையோடு நின்றிருந்தான். பஸ் வந்துவிட்டது.

மலையில் கரண்ட் அடிக்கடி போகும். காற்றடித்தால் போகும், மழைக்குப் போகும், ஒன்றுமில்லாமலும் போகும். வந்த பிறகு ஜெயசுதா பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரை மாற்றிக் குத்துவாள். சில தடவை மாற்றத் தேவையில்லாமலே வந்துவிடும். எப்போது வரும், எப்போது வராது என்று அவளுக்கும் பிடிபடவில்லை.

நெட் நின்றால் அவளுடைய ஃபோன் அடிக்கும். இ-சேவை மையத்திலிருந்து வீரமணி கூப்பிடுவான். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுவார்கள். “மேடம், நெட் இல்ல.” “இதோ வந்துடும்ங்க.” வந்ததும் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அந்தக் கூப்பாடு இல்லாத நாட்களில் காலையில் பல் துலக்கியதிலிருந்து படுக்கப்போகும்வரை வாயே திறக்காமல் போய்விடும். அப்படிப்பட்ட ஒரு நாள் சாயங்காலம் கடையில் தீப்பெட்டி கேட்கப் போனபோது முதல் சொல் கரகரத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் சளியா என்று விசாரித்தார்.

அந்த ரூமுக்குத்தான் ஆயம்மாள் வந்து சேர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நெட் நின்றுபோயிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், காலெல்லாம் செம்மண். கையில் பெரிய திரையுள்ள ஃபோனைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“நெட்டு பூட்ச்சா?”

“ஆமாங்க. இப்ப வந்துடும்.”

“எம்பொண்ணு ஃபோன்ல வரும். திருப்பூரு மில்லுல கீது. ஞாயித்துக்கிழமதான் வுடுவாங்க. எங்க வேங்கப்பாடியில செல்லு எடுக்கறதில்ல. இந்த ஃபோனுக்கு ரீசார்ஜும் பண்ணல, நெட்டுலதான் பேசும். இங்க ஆபீஸுல கேட்டா குந்த வுடுவாங்கன்னு எங்க ஊரு அம்மாசி சொன்னாரு.”

அது ஆபீஸ் இல்லை, தான் குடியிருக்கிற ரூம் என்று ஜெயசுதா சொல்லவில்லை. உள்ளே வரச் சொன்னாள். வயரை மாற்றிக் குத்திவிட்டு, டவர் தட்டு கள்ளக்குறிச்சியில் இருக்கும் தட்டைப் பிடித்து லைன் நிலைக்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஆயம்மாள் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஜெயசுதாவும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

மகள் பேர் எழில்மதி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு மில்லுக்குப் போனவள். ஆயம்மாளின் புருஷன் கரும்பு வெட்டப் போன இடத்தில் இறந்து பல வருஷம் ஆகிறது. ஆயம்மாள் மற்றவர்கள் காட்டில் சாமை அறுக்கப் போவாள், கடுக்காய் பொறுக்கப் போவாள், நூறு நாள் வேலைக்குப் போவாள். இதெல்லாம் அந்தக் காத்திருப்பில் ஜெயசுதாவுக்குத் தெரிந்தது. லைன் வந்தது. ஃபோனில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்ததும் ஆயம்மாள் திரையை முகத்துக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, “துன்னியா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் வருவாள். பாதி ஞாயிறுகளில் நெட் இருக்கும். மீதியில் இருக்காது. இல்லாத நாளில்தான் பேச்சு அதிகம். சாமைச் சோறு கொண்டுவருவாள். ஜெயசுதா குழம்பு வைத்திருப்பாள். வயரை மாற்றிக் குத்துவதை ஆயம்மாள் எட்டிப் பார்ப்பாள். “இத்த மாத்துனா அது வருது, அத்த மாத்துனா இது வருது. இன்னா மிஷினோ போ,” என்பாள். கொஞ்ச நாளில் அவள் ‘அம்மா’ என்று கூப்பிடுவது போய் ‘சுதா’ என்றானது. அந்தப் பெயரில் கூப்பிட அம்மாவுக்குப் பிறகு யாரும் இருக்கவில்லை.

ஒரு நாள் கேட்டாள். “உனுக்கு யாரும் இல்லியா, சுதா?”

“தம்பி இருக்கான்க்கா. சின்னசேலத்துக்குப் பக்கத்துல.”

“அவன் வரமாட்டானா?”

“அவனுக்கு வேலை ஜாஸ்தி.”

ஆயம்மாள் சோற்றைப் பிசைந்து இன்னொரு உருண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

அடுத்த தை மாதம் அம்மாவுக்குப் படையல் போட ஜெயசுதா ஊருக்குப் போனாள். சனிக்கிழமை போய், ஞாயிறு காலை திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மரம் சாய்ந்து, பஸ் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிட்டது. அவள் திரும்பவும் தம்பி வீட்டுக்கே போய், ஹாலில் பாயை விரித்தாள். மலையில் கரண்ட் போய் வந்திருந்தது. ஃபோன் மேல் ஃபோன். வயரை மாற்றிக் குத்தச் சொல்லலாம் என்றால் ரூம் சாவி அவள் பைக்குள் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம்தான் ஜீப் ஒன்றில் இடம் பிடித்து மேலே போனாள். பெட்டிக்குப் பின்னால் குனிந்து இரண்டு வயரையும் மாற்றினாள். நெட் வந்தது.

அன்று சாயங்காலம் ஆயம்மாள் வந்தாள். அது ஞாயிறு இல்லை என்பதே ஜெயசுதாவுக்குச் சங்கடமாக இருந்தது.

“பொண்ணுக்கு வயித்துல குடல்வாலு வீங்கிடுச்சாம். ஆஸ்பத்திரில சேத்து கீறி எடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழம காலைல.” சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “வார்டனம்மா கையெழுத்துப் போட்டாங்களாம். கத்தி வெக்கறதுக்கு முந்தி எங்கூட பேசணும்னு அடிச்சிக்கினே இருந்துதாம் பொண்ணு. நான் இங்கதான் வந்து குந்திக்கினு இருந்தேன். மழைல. பூட்டு தொங்கிக்கினு இருந்திச்சி.”

“இப்ப எப்படி இருக்குது?”

“நல்லாதான் கீதாம். இன்னிக்கு மத்தியானம் வீரமணி சென்டர்ல பேசுனேன்.” கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “நீ இல்லாத நேரத்துல அது தானா வராதா, சுதா?”

திட்டியிருந்தால் தேவலாம் என்று ஜெயசுதாவுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் பெங்களூரில் இருந்த செழியனை ஃபோனில் கூப்பிட்டாள். அவன் மறக்கவில்லை. அவளுடைய குரலைக் கேட்டதுமே, “அந்த ரெண்டு கார்டு விஷயமாக்கா?” என்றான். பிறகு பொறுமையாகச் சொன்னான். மிஷின் எழுந்திருக்கும்போது கார்டுகளைத் தேடும். எந்தக் கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு ஈத்-ஜீரோ என்று பெயர் வைக்கும், அடுத்ததற்கு ஈத்-ஒன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி கார்டு. ஒரு நாள் இது முந்திக்கொள்ளும், ஒரு நாள் அது. கீழேயிருந்து வருவது ஈத்-ஜீரோ, மலைக்குப் போவது ஈத்-ஒன் என்றுதான் உள்ளே எல்லாம் எழுதிவைத்திருக்கிறது. பெயர் இடம் மாறினால், மலைக்கு அனுப்ப வேண்டியதைக் கீழ்ப்பக்கம் அனுப்பிக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும்.

“புது லினக்ஸ்ல தானாவே கார்டு இருக்கிற எடத்த வெச்சிப் பேர் வெக்கும். நான்தான் பழைய பேரே வரட்டும்னு அத்த நிறுத்தி வெச்சேன். அன்னிக்கு சுளுவா இருந்திச்சி,” என்றான்.

“இப்ப என்ன பண்றது?”

“ஒவ்வொரு கார்டுலயும் கம்பெனியில செய்யசொல்லவே ஒரு நம்பர் பதிச்சி அனுப்புவாங்க. அது மாறாது. இந்த நம்பர் இருக்கிற கார்டுக்கு இந்தப் பேர்னு நாமளே சொல்லிடலாம். அப்புறம் எது முந்துனாலும் கவல இல்ல.”

எழுத வேண்டியதை அனுப்பிவைத்தான். நாலைந்து வரிதான். ஜெயசுதா திரையையும் கீபோர்டையும் பெட்டியில் மாட்டினாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. இது சரியாகிவிட்டால் யார் தன்னைத் தேடி வரப்போகிறார்கள்? வயரை மாற்றிக் குத்தத் தெரிந்தவள் என்பதைத் தவிர இந்த மலையில் தனக்கு வேறென்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பதில் வரவில்லை. அதை வைத்துக்கொண்டு தனக்குத் துணை தேடுவதா? கார்டுகளின் நம்பரை ஒவ்வொன்றாக எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

முதல் தடவை வேலைக்கு ஆகவில்லை. பழைய பெயர்களையே நம்பருக்கு நேராகப் போட்டிருந்தாள். மிஷின் எழுந்தபோது ஒரு கார்டு ஏற்கெனவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்கு அதைக் கொடுக்க முடியாது என்று நின்றுவிட்டது. செழியனைக் கேட்டாள். “அது வெக்கிற பேரோட மோதக்கூடாதுக்கா. நீங்களா ஒரு பேர் வைங்க. எதுவானாலும் சரி.”

எதுவானாலும் சரி என்றதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும், எதற்கும் அவள் பெயர் வைத்ததில்லை. வெளியே சரிவைப் பார்த்துவிட்டு, கீழேயிருந்து வருவதற்குக் ‘கீழ்’ என்றும் மேலே போவதற்கு ‘மலை’ என்றும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புதிய பெயரைப் போட வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றினாள். மிஷினை எழுப்பினாள். நெட் ரூமுக்கு வந்தது, மலைக்குப் போகவில்லை. எங்கே என்று தேடித் தேடி, ஊர்களில் உள்ள பெட்டிகளுக்கு முகவரி வழங்குகிற இடத்தில் பழைய பெயர் ஒன்று விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தாள். அதையும் மாற்றினாள். வீரமணியைக் கூப்பிட்டுக் கேட்டாள். “வந்துடுச்சி மேடம்,” என்றான்.

பிறகு அவளே பெட்டியின் சுவிட்சை அணைத்தாள், போட்டாள். அணைத்தாள், போட்டாள். நடுவில் பிளக்கையே உருவிப் பார்த்தாள். எப்படி எழுந்தாலும் கீழ் கீழாகவே இருந்தது, மலை மலையாகவே இருந்தது. சாயங்காலம் திரையைக் கழற்றி மூட்டையாகக் கட்டி மேலே வைத்தபோது முதுகு விட்டுப்போயிருந்தது.

அந்த ஞாயிறு ஆயம்மாள் வந்தபோது காலையில் இரண்டு தடவை கரண்ட் போய் வந்திருந்தது. நெட் இருந்தது. எழில்மதி கட்டிலில் சாய்ந்தபடி பேசினாள். ஆயம்மாள் பேசி முடித்துவிட்டு, “தானா வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

“தானா வந்துடுச்சுக்கா.”

“கெட்டிக்காரிதான் நீ.” எழுந்து நின்று மண்ணைத் தட்டினாள். வேங்கப்பாடியில் ஆட்டைக் கட்டிவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிப் போனாள். காத்திருக்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஃபோன் அடிப்பது நின்றுபோனது. முதல் வாரம் ஜெயசுதா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சத்தம் வருகிறதா என்று சோதித்துப் பார்த்தாள். அப்புறம் மேசைமேல் வைத்தாள். அப்புறம் சார்ஜ் இறங்கிப்போனதே தெரியாமல் ஒரு பகல் போனது. பொன்னுரங்கத்துக்கு ரொம்ப சந்தோஷம். லைன் நிற்பதில்லை என்றதும் உள்ளூர்களுக்கும் கம்பம் நட்டுக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தார். வேங்கப்பாடி இரண்டாவதாக வந்தது. ஊர் மந்தையில் கம்பம் நின்ற அன்று அதில் பெட்டியை மாட்டி வயரை இழுத்தது ஜெயசுதாதான். ஊர் ஜனம் நின்று பார்த்தது. ஆயம்மாள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “இனிமே அவ்ளோ தூரம் நடக்க வேணாம்,” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிச் சிரித்தாள். மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் நடந்த கால்கள் அவளுடையவை. சிரிக்காமல் என்ன செய்வாள்?

ஞாயிறுகள் மற்ற நாட்களைப்போல ஆகிவிட்டன. ஜெயசுதா கொஞ்ச நாள் பழக்கத்தில் கூடுதலாக உலை வைத்தாள். மீந்ததை நாய்க்குப் போட்டாள்.

ஒரு ஞாயிறு பொறுக்கமாட்டாமல் வேங்கப்பாடிக்கு நடந்தாள். வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு போவது என்று யோசித்தாள். ஆயம்மாள் வீட்டு வாசலில் கோழிக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தாள்.

“கம்பத்தைப் பாக்க வந்தேங்க்கா. லைன் சரியா வருதான்னு.”

“கம்பத்துக்கு இன்னா, நல்லாதான கீது.” ஆயம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு கையிலிருந்த தீனியை மொத்தமாகக் கொட்டிவிட்டு, “வூட்டுக்குள்ள வா,” என்றாள்.

அன்று நெடுநேரம் இருந்தாள். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டார்கள். கிளம்பும் சமயத்தில்தான் ஆயம்மாள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“பொண்ணு கூப்புட்டுக்கினே கீது. ஆபரேசன் ஆனதுல இருந்து பயந்துக்கினு கீது. ஹாஸ்டல வுட்டு வெளிய வூடு எடுக்கறேன், நீயும் வந்துடுன்னுது. அங்க எனுக்கும் மில்லுல கூட்டற வேல தருவாங்களாம்.”

“போங்கக்கா. பொண்ணு கூட இருக்கறதுதான் நல்லது.”

“நீ இன்னா பண்ணுவ?”

“எனக்கென்ன. நான் இருப்பேன்.”

சித்திரை பிறந்ததும் ஆயம்மாள் கிளம்பினாள். ஜெயசுதா பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் மூட்டையை ஏற்றிவிட்டாள். ஆயம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பிக்கிடையில் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள். சொரசொரப்பான கை. “வேளைக்குத் துன்னு,” என்றாள். பஸ் முதல் வளைவில் திரும்பும்வரை ஜெயசுதா நின்றாள். அதன் சத்தம் கீழ் வளைவுகளில் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. திருப்பூர் போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை கூப்பிட்டாள். இன்னொரு தடவை எழில்மதி கூப்பிட்டுக் கொடுத்தாள். அப்புறம் மில் வேலையில் ஆயம்மாளுக்கும் ஞாயிறு மட்டும்தான் கிடைத்தது. அதில் துணி துவைப்பதும் தூங்குவதும் போக நேரம் இருந்திருக்காது. ஜெயசுதா தானாகக் கூப்பிட ஃபோனை எடுப்பாள். அசந்து தூங்கிக்கொண்டிருப்பாளே என்று வைத்துவிடுவாள்.

வெயில் காலத்தில் பொன்னுரங்கம் அவளைக் கள்ளக்குறிச்சிக்கு வரச்சொன்னார்.

“மிஷின் தானா ஓடுது. நீ எதுக்கு அங்க தனியா கஷ்டப்படணும்? கீழ வந்துடும்மா. ஆபீஸுல ஃபோன் பாத்துக்க. இங்கயே ஒரு ரூம் பாத்துத் தரேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சிமெண்ட் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டது. அந்தப் பக்கம் காலேஜ் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். ஒரு கிழவர், கொஞ்சம் நகரும்மா என்றார். நகர்ந்தாள். இன்னொருவர் வந்தார், இன்னும் நகர்ந்தாள். கடைசியில் பெஞ்சின் ஓரத்துக்கு வந்து எழுந்து நின்றாள். இவ்வளவு பேருக்கு நடுவில் தனியாக இருப்பதைவிட, ஆள் இல்லாத இடத்தில் தனியாக இருப்பது மேல் என்று பட்டது. அங்கே அது குறையாகத் தெரியாது.

மலையிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். “தம்பியோட சண்டையா?” என்று பொன்னுரங்கம் கேட்டார். இல்லை என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, அப்படியானால் ஊர் ஊராக நட்டிருக்கும் கம்பங்களையும் நீயே பார்த்துக்கொள் என்றார்.

வைகாசியில் இடி விழுந்து டவரில் கள்ளக்குறிச்சித் தட்டின் வயர் வழியாக ஒரு கார்டு கருகிப்போனது. மாற்றுக் கார்டு கையில் இருந்தது. பெட்டியைத் திறந்து மாட்டினாள். புதுக் கார்டின் நம்பர் வேறு. பழைய நம்பர் இருந்த இடத்தில் இதை எழுதி, அதே ‘கீழ்’ என்ற பெயரைக் கொடுத்தாள். எழுப்பினாள். எல்லாம் சாயங்காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் லீவு, இ-சேவை மையத்துக்கும் அன்று விடுமுறை. நெட் போனதையும் வந்ததையும் பற்றி மலையில் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. செழியனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். நன்றாக இருக்கிற விஷயத்தைச் சொல்ல ஒருவரைக் கூப்பிடுவது எப்படி என்று தெரியவில்லை.

இப்போது அவளை மலையில் எல்லாருக்கும் தெரியும். தோளில் பையும் கையில் கொக்கி வைத்த கழியுமாக, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள் என்று நடக்கிறாள். கம்பத்தில் கொடி ஏறியிருந்தால் இழுத்துவிடுகிறாள். எறும்பு கூடு கட்டியிருந்தால் துடைக்கிறாள். தண்ணீர் கேட்டால் கொடுக்கிறார்கள். வூடு எது, புருஷன் இன்னா பண்றாரு என்று கேட்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை என்கிறாள். ஐயோ பாவம் என்று ஒருத்தி சொல்வாள். நிம்மதி என்று இன்னொருத்தி சொல்வாள். இரண்டுக்கும் அவள் தலையாட்டிவிட்டு, ஊரில் கேட்டு வாங்கிய ஏணியைக் கம்பத்தில் சாத்துவாள். வேங்கப்பாடியில் ஆயம்மாள் வீடு பூட்டியிருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது கூரையில் ஓலை நகர்ந்திருந்தால் கழியால் தள்ளிச் சரிசெய்துவிட்டுப் போகிறாள்.

மார்கழியில் ஒரு நாள் காலை, பனிமூட்டம் விலகாமல் இருந்தது. அவள் மேட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். கீழே சரிவில் யாரோ களையெடுத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. மண்வெட்டி கல்லில் படுகிற சத்தம், நடுவில் இருமல். ஆள் தெரியவில்லை. அந்தப் பாதையில் அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஆனாலும் நின்று, வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டாள்.

“வேங்கப்பாடிக்கு எப்படிப் போவணும்ங்க?”

மண்வெட்டி நின்றது. ஒரு பெண்குரல், வயதான குரல், மூட்டத்துக்குள்ளிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கியது. நேரா போனா ஒரு பாறை வரும்மா, பாறைக்கு இந்தாண்ட திரும்பாத, அந்தாண்ட திரும்பு, கொஞ்சம் வழுக்கும் பாத்துப் போ, அப்பால ஒரு ஓடை வரும். சொல்லச் சொல்ல அந்தக் குரல் வழியோடு சேர்ந்து நடந்துபோவதுபோல் இருந்தது. ஜெயசுதா கழியை ஊன்றிக்கொண்டு, ஓடையும் மூங்கில் புதரும் தாண்டி ஊர் வரும்வரை முழுவதையும் கேட்டாள்.

“சரிங்கம்மா,” என்றாள். “போய்க்கிறேன்.”

மண்வெட்டிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. அவள் பாறையை நோக்கி நடந்தாள்.